மறியேந்திய கை

திருச்சிற்றம்பலம்

பாசம் என்னுஞ் சொல் சாத்திர வழக்கிற் கயிற்றையும் உலக வழக்கில் அன்பையும் உணர்த்தும். ஆணவம், கன்மம், மாயை என்பன உயிரைப் பிணித்தலாற் பாசம் எனப்பட்டன. தாய் மகவின்மேல் வைத்த அன்பும் உலகராற் பாசம் எனப்படுகின்றது. ஒரு சொல் இருவழக்கினும் நின்று மயக்குதலின், சித்தாந்தங் கற்கப் புகுந்தார் சிலர், உலகர் பாசம் என்னும் அன்பு முழுதும் சாத்திரம் விலக்கிய பாசமே எனக் கொள்வர். அங்ஙனங் கொண்டார்க்கு அன்பு செய்தல் குற்றமாகவும் நெஞ்சு வறண்டிருத்தல் துறவாகவுந் தோன்றும்.

திருமடமொன்றைச் சார்ந்த அன்பரொருவர் எமக்கு ஒரு வினா விடுத்தார். தாயிழந்த ஆட்டுக்குட்டியொன்று அம்மடத்துப் பசுக்கொட்டிலில் அடைக்கலமாக வந்தது. அவர் அதனைப் புட்டிப்பாலூட்டி வளர்க்கின்றார். அஃது அவர் செல்லுமிடமெல்லாம் பின்செல்கின்றது. அவரைக் காணாதாயிற் கதறுகின்றது. அவருள்ளமும் சிவபூசைக்கண் அதன் குரலையே செவிமடுக்கின்றது. 'இவ்விணக்கம் பாசமோ, பரிவோ? குட்டியைப் பிறர்பால் விட்டுவிடுதல் தக்கதோ?' என்பது அவர் வினா. வினா சிறிதாயினும், அன்பிற்கும் பற்றிற்கும் உள்ள வேற்றுமை அதனுள் அடங்கியிருத்தலின், விடை பலர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

1. புகலிடமும் மறிகளும்

ஆடு, மான் முதலியவற்றின் இளமைப்பெயர் மறி என்பது தொல்காப்பிய மரபியலாற் பெறப்படும். ஆட்டின் குட்டியும் மறியே. மானின் கன்றும் மறியே. இப்பெயரொற்றுமையை அன்பர்கள் நினைவிற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

இங்கிலாந்தின் தென்கிழக்கே கெண்ட் என்னும் பகுதியில், மெயிட்ஸ்டன் நகருக்கு அணித்தாக, ஆடுகட்கென்றே அமைந்த புகலிடம் ஒன்றுண்டு. பட்டர்கப்ஸ் என்பது அதன் பெயர். 1989-ஆம் ஆண்டில் இரண்டு ஆடுகளை ஏற்றுத் தொடங்கிய அது, 2003-ஆம் ஆண்டில் அறநிலையமாகப் பதிவு பெற்றது. கைவிடப்பட்டனவும், கொடுமையுற்றனவும், உரியோர் காக்கவியலாது ஒப்புவித்தனவுமாகிய ஆடுகள் அங்கு வந்து சேர்கின்றன. பாலுக்கேனும் ஊனுக்கேனும் அன்றி, அவை தம் ஆயுள் முடியுமளவும் வாழ்தற்பொருட்டே அங்கு வைக்கப்படுகின்றன. இத்தகைய புகலிடங்கள் வேறு நாடுகளிலும் உள்ளன.

ஆட்டுக்குட்டிகள் ஆதரவற்றுப் போதற்குக் காரணம் பல. ஆட்டிற்கு முலைக்காம்பு இரண்டே. மூன்று குட்டி ஈன்றவழி மெலிந்தது பாலின்றித் தள்ளுண்டு போம். ஈற்றிற் தாய் இறத்தலும் உண்டு. இவையிரண்டும் இயற்கையின்பாற்படுவன. மூன்றாவது காரணம் மக்கள் செய்வது. ஆடு பால் சுரத்தற்குக் குட்டி ஈனல் வேண்டும். ஈன்றவற்றுள் ஏறத்தாழப் பாதி கடாக்குட்டிகளாம். அவை பால் தாரா. ஆகலின் மேலைநாட்டுப் பாற்பண்ணைகள் பலவற்றிற் கடாக்குட்டிகள் பிறந்தவுடனே கொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றுட் சில இரக்கமுடையார் கைப்பட்டுப் புகலிடஞ் சேர்கின்றன. தாய்ப்பால் பிறர்க்காகக் கறக்கப்பட, அப்பாலுக்குரிய மறி பாலின்றி மாள்கின்றது. இதனை மேலைநாட்டார் குற்றமென்று மட்டும் சொல்லி நாம் அமைதல் இயலாது. பாலுக்காக ஆவும் எருமையும் வளர்க்குமிடங்களில் ஆண்கன்று வேண்டாப்பொருளாதல் நம் நாட்டினும் உண்டு.

2. மறியை வளர்க்கும் முறை

தாயற்ற மறியை வளர்த்தல் எளிய செயலன்று. கருவிலிருக்குங்கால் தாயின் நோய்தடுக்கும் ஆற்றல் குட்டிக்குச் செல்வதில்லை. அது சீம்பால் வாயிலாகவே செல்லும். அதனை ஏற்கும் தன்மை குட்டியின் குடலில் ஒருநாள் அளவே நிற்கும். அதனுள்ளும் முதற் சில மணிநேரமே சிறந்தது. அப்பொழுது சீம்பால் பெறாத மறி பின்னர் எத்துணைப் பால் குடிப்பினும் எளிதில் நோய்ப்படும். தன் தாயிடத்துக் கிடையாதாயின் வேறொரு தாயாட்டின் சீம்பாலேனும் ஊட்டுதல் வேண்டும்.

குளிரால் விறைத்த குட்டிக்கு உடனே பாலூட்டலாகாது. முதலில் உடலைத் துடைத்து வெம்மையூட்டல் வேண்டும். ஆட்டின் இயல்பான உடல்வெம்மை ஏறத்தாழ 102 முதல் 103 பாரன்ஹீட் பாகை. அவ்வெம்மை மீளாமுன் ஊட்டிய பால் செரியாது. உறிஞ்ச வலியற்ற குட்டியின் மூச்சுக்குழலிற் புகுந்து கொல்லவுங் கூடும். ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. குட்டி கழுத்தை நிமிர்த்தி உறிஞ்சுங்கால், உணவுக்குழலின் அடியில் உள்ள மடிப்பொன்று குழாய்போற் கூடிப் பாலை நான்காம் அறைக்கே நேரே செலுத்தும். முதலறையிற் பால் வீழின் அது புளித்து நோய் செய்யும். ஆகலின் புட்டியைத் தாய்மடியின் உயரத்திற் பிடித்து, சிறிது சிறிதாகப் பன்முறை ஊட்டல் வேண்டும். முதல் நாட்களில் இரவினும் எழுந்து ஊட்டுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் யாம் விரித்துரைத்தது என்னை? அன்பு என்பது நெஞ்சின் நெகிழ்ச்சி மாத்திரையன்று, அறிந்து செய்யும் பணி என்பது விளங்குதற்பொருட்டேயாம். இரக்கமிகுதியாற் குளிர்ந்த குட்டிக்கு உடனே பாலூட்டியவன் அதனைக் கொன்றவனாகின்றான். அறிவில்லாத அன்பு உதவாது. அன்பில்லாத அறிவோ நள்ளிரவில் எழாது. இரண்டும் கூடியவிடத்தே மறி பிழைக்கின்றது.

3. சார்ந்ததன் வண்ணமாதல்

பிறந்த மறி ஒரு மணிநேரத்துள் எழுந்து நிற்க முயலும். எவருங் கற்பியாமலே முலை நாடும். இங்ஙனம் மகவு முலை நாடுதலை முற்பிறப்பு உண்மைக்கு ஏதுவாக நையாயிகர் எடுத்துக்காட்டுவர். தாயில்லாதவிடத்து அந்நாட்டம் அழியாது, கிடைத்ததனைப் பற்றும். கம்பளி மடிப்பையும் வளர்ப்பாரது விரலையும் மறி சப்பும். பால் வந்த கையை அறியும். அக்கையையுடையாரது மணத்தையும் குரலையும் அறியும். பின்னர் அவரையே தாயெனத் தொடரும்.

தாயாட்டின் பக்கத்தும் இவ்வியல்பு உண்டு. வட அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்துப் பீட்டர் குளோப்பர் என்பாரும் அவர்தம் துணைவரும் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு நோக்கத்தக்கது. ஈன்றவுடன் ஐந்து நிமிடம் குட்டியோடு இருக்கப்பெற்ற தாயாடுகளுட் பெரும்பாலன, பின்னர் ஓரிரு மணிநேரம் பிரித்துவைத்துக் கொணர்ந்த வழியும் அதனை ஏற்றன. அவ்வைந்து நிமிடமும் பெறாதனவற்றுட் பெரும்பாலன தாம் ஈன்ற குட்டியையே முட்டித் தள்ளின. 2012-ஆம் ஆண்டில் எலோடி பிரீஃபர், ஆலன் மெக்எலிகாட் முதலியோர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியால், குட்டி பால் மறந்து பல திங்கள் கழிந்த பின்னும் தாயாடு அதன் பழைய குரலை மறவாமை அறியப்பட்டது. இணக்கம் நொடியில் உண்டாகின்றது. உண்டானபின் நெடிது நிற்கின்றது.

சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரம் ஆன்மாவைச் சதசத்து என நிறுவும். ஆன்மா சத்தினைச் சார்ந்தவழிச் சத்தாயும் அசத்தினைச் சார்ந்தவழி அசத்தாயும் நிற்கும். தனித்து நில்லாது சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பு. பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் இதற்கு உவமையாகக் கூறப்படும். இவ்வியல்பு மக்களுயிர்க்கே உரியதன்று. விலங்கின் உயிரும் சகலருள் வைத்து எண்ணப்படுவதே. அதன்கண் அறிவு குறைந்து காணப்படுதல் உடம்பு முதலிய கருவிகளின் குறைவாலன்றி, ஆன்மா வேறு சாதியாதலால் அன்று.

கெண்ட் புகலிடத்து ஆடுகள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகின்றன. மேற்கூறிய பிரீஃபரும் மெக்எலிகாட்டும் அங்குள்ள 18 ஆடுகளை ஆராய்ந்து 2013-ஆம் ஆண்டில் முடிவு கூறினர். அவற்றுள் 9 ஆடுகள் புகலிடம் புகுமுன் கொடுமையுற்றவை. ஏனைய 9 நன்கு காக்கப்பட்டவை. ஒரு வழியில் உணவுண்டு, மற்றொரு வழியில் இல்லை என்பதை முதலில் அவற்றிற்குப் பழக்கினர். பின்னர் இரண்டிற்கும் இடையே, உணவு உண்டோ இலதோ என ஐயுறத்தக்க வழிகளைத் திறந்தனர். நன்மையை எதிர்நோக்கும் உயிர் விரைந்து செல்லும், தீமையை எதிர்நோக்குவது தயங்கும் என்பது அவர் கருத்து. கொடுமையுற்ற ஆடுகளே தயங்குமென்று எவரும் எண்ணுவர். கண்டதோ வேறு. பெட்டையாடுகளுள், முன்னர்க் கொடுமையுற்றவையே நன்கு காக்கப்பட்டவற்றினும் விரைந்து சென்றன. ஈராண்டும் அதற்கு மேலும் பரிவைச் சார்ந்திருந்தமையால், அஞ்சிய உயிர் அச்சந் தீர்ந்தது.

ஆட்டின் இணக்கம் பாலளவே என்பார்க்கும் அப்புகலிடத்து ஆராய்ச்சிகள் விடை கூறும். கிறிஸ்டியன் நவ்ராத் முதலியோர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டதனுள், மூடியைத் திறந்து உணவு கொள்ளப் பழகிய ஆடுகட்குத் திறக்கவியலாத பெட்டி வைக்கப்பட்டது. தம்மால் ஆகாமை கண்ட ஆடுகள் அருகு நின்றாரது முகத்தை நோக்கின. அவர் எதிர்முகமாக நின்றவழி மிகுதியும் நோக்கின. புறங்காட்டி நின்றவழிக் குறைவாகவே நோக்கின. 2018-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியில், முன்னறியாத ஒருவரது நகைமுகப் படமும் சினமுகப் படமும் வைக்கப்பட, ஆடுகள் நகைமுகத்தையே மிகுதியும் நாடின.

இவ்வாராய்ச்சியாளர் விலங்கின் செயலை அளந்தாரேயன்றி ஆன்மாவை ஆராய்ந்தாரல்லர். ஆகலின் அவர் கண்டது நம் கொள்கைக்குப் பிரமாணம் என யாம் கூறேம். திருட்டாந்தமாக மட்டுங் கொள்வாம். தன்னால் ஆகாதென்று கண்டவழித் தனக்கு மேலான அறிவுடையாரது முகத்தை நோக்குதல் ஆட்டின்கண்ணும் உளதாயின், அது மக்களுயிர்க்கு நாணந் தருவதொன்றாம். நம்மாலாகாத பெட்டியை முட்டி முட்டி, நாம் யார் முகத்தையும் நோக்காதிருக்கின்றோம்.

4. பரதன் கதையால் வருந் தடை

இனி வினாவிற்கு வருவாம். தடை கூறுவார் பரதமுனிவன் கதையை முன்வைப்பர். பாகவதத்தும் விட்டுணு புராணத்தும் கூறப்படுவது அது. பரதன் அரசு துறந்து ஆற்றங்கரையில் தவஞ் செய்தான். சிங்கத்தின் முழக்கங் கேட்டு அஞ்சிய சினைமான் ஒன்று ஆற்றைத் தாவுங்கால் கருவைச் சோரவிட்டு இறந்தது. நீரில் மிதந்த கன்றைப் பரதன் எடுத்து வளர்த்தான். நாடோறும் புல் தேடலும், புலிக்கு அஞ்சலும், காணாதவழிக் கலங்கலுமாகத் தன் நியமங்கள் ஒவ்வொன்றாக நழுவின. இறக்குங்காலும் அதனையே நினைந்து இறந்து மானாகப் பிறந்தான். நாடு துறந்தவனை நாலுகாற் கன்று பிணித்தது. 'ஆகலின் மறியை எடுத்தல் மறுபிறப்பை எடுத்தலாம், விட்டுவிடுக' என்பர்.

அஃதொக்கும், ஆயினும் அக்கதையிற் குற்றம் யாண்டு நிகழ்ந்தது என்று ஆராய்தல் வேண்டும். கன்றை வெள்ளத்தினின்று எடுத்தது குற்றமோ? எடாது தவத்திருந்தானாயின் அத்தவம் கல்லின் தவமாம். பாலும் புல்லும் ஊட்டியது குற்றமோ? எடுத்தபின் ஊட்டாமை கொலையின்பாற்படும். பின்னர் யாண்டெனின், மூன்றிடத்து என்க. ஒன்று, கன்றின்பொருட்டுத் தொடங்கிய காவல் தன் இன்பத்தின்பொருட்டாக மாறியது. இரண்டு, 'என் மான்' என்னும் செருக்கு எழுந்து, உயிரனைத்தையும் காப்பானொருவன் உளன் என்பது மறந்தது. மூன்று, கன்று வளர்ந்து தன் இனத்தோடு கூடவேண்டிய பருவம் வந்தும் அதனை விடுத்திலன். மானை எடுத்தது அருள், விடாதது பற்று.

இன்னுமொன்று நோக்குக. மானாய்ப் பிறந்த பரதன் முற்பிறப்புணர்ச்சி இழந்திலன். தான் தவஞ்செய்த இடத்தையே நாடிச் சென்று, அவ்வுடம்பு நீங்கும் நாளை எதிர்நோக்கியிருந்தான் என்று அக்கதை கூறும். செய்த தவமும் வீண்போகவில்லை.

5. தடைக்கு விடை

சித்தாந்த சாத்திரத்துள் அன்பு விலக்கப்படவில்லை. சிவஞானபோதத்துப் பதினோராஞ் சூத்திரம், மறவாத அன்பினாலேயே உயிர் அரன் திருவடியை அடையும் என்று முடிக்கின்றது. வீடுபேற்றிற்கு அணுக்கமான சாதனமாக அன்பையே வைத்த நூல், அன்பைப் பகையென்று கூறுமாறு யாண்டையது? விலக்கப்பட்டது அன்பன்று, அன்பை 'யான்', 'எனது' என்னுங் கயிற்றாற் கட்டுதலே. தண்ணீர் பள்ளத்திற் தேங்கின் நாறும். வாய்க்கால் வழி ஓடின் பயிர் விளைக்கும். நீர் ஒன்றே.

இறைவனே மறிக்கும் பறழுக்கும் தாயானமைக்கு நம் புராணமே சான்று. பரஞ்சோதிமுனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்துள், பன்றிக்குட்டிக்கு முலைகொடுத்த படலம் ஒன்றுண்டு. குருநிந்தை செய்து சபிக்கப்பட்ட பன்னிருவர் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்தனர். தந்தையும் தாயும் பாண்டியன் வேட்டையில் இறந்தன. பசியாற் கதறிய அக்குட்டிகட்குச் சோமசுந்தரக்கடவுள் தாய்ப்பன்றி வடிவுகொண்டு சென்று முலை கொடுத்தருளினார். இழிந்த வடிவென்று நாணவில்லை, சபிக்கப்பட்டோரென்று வெறுக்கவுமில்லை. ஆயின் அடுத்த படலத்தையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். பாலோடு அறிவும் வலியும் பெற்ற அவர்களைப் பாண்டியன்பால் அமைச்சராக்கி, அவரவர் நிற்றற்குரிய நிலையில் நிறுத்தினார். முலை கொடுத்த படலம் மட்டும் இருந்து மந்திரிகளாக்கிய படலம் இல்லையாயின் அத்திருவிளையாடல் குறைவுடையதாம். ஊட்டுதலும் உரிய இடத்து விடுத்தலும் சேர்ந்தே அருள் நிறைவெய்துகின்றது.

சீகாழித் திருக்குளக்கரையில் அழுத பிள்ளையார்க்கும் முதலில் வந்தது பாலே. அப்பாலினுள்ளே ஞானம் வந்தது. ஆகவே, பாலுக்காக அழும் உயிரை அறிவற்றதென்று இகழ்தல் சைவர்க்கு ஆகாது.

இனி, விடுத்தல் என்பது யாது? புகலிடங்களில் ஆட்டுக்குட்டி வளர்ப்பார் அனுபவத்தாற் கண்டது ஒன்றுண்டு. மக்களோடு மட்டும் வளர்ந்த மறி தன்னை ஆடென்று அறியாதாய்விடும். மந்தையிற் சேர்த்தவழி ஓரத்தே நின்று கதறும்; ஆட்டின் வழக்கம் அறியாமையால் ஏனையவற்றால் முட்டுண்ணும். கடாவாயின், குட்டிப்பருவத்தில் விளையாட்டாயிருந்த முட்டு, வளர்ந்தபின் வளர்த்தாரையே காயப்படுத்தும். ஆகலின் வளர்ப்பார் தொடக்கத்திலேயே மற்றொரு குட்டியைத் துணையாக வைப்பர். ஊட்டியபின் ஆடுகளிருக்கும் இடத்தே விடுவர். முதலிரு கிழமைகளில் இலைநுனி கடிக்கத் தொடங்கிய மறி, அசைபோடப் பழகி, இரண்டு மூன்று திங்களில் பால் மறக்கும். அப்பொழுது மந்தையே அதற்கு வீடாதல் வேண்டும். அந்நாளில் அது புட்டியேந்திய கையை நோக்காது தழையை நோக்கி ஓடுதல் கண்டு மகிழ்வாரே வளர்க்கத் தெரிந்தார். வருந்துவார் தம்மை இன்னும் ஆராய்தற்பாலர்.

இது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பொருளை நினைப்பிக்கின்றது. வேடர் சேரியில் வளர்ந்த அரசகுமாரன் தன்னை வேடனென்றே கருதியிருந்தான். தந்தை வந்து 'நீ என் மகன்' என உணர்த்த, வேடரை விட்டுத் தன் நிலையை அடைந்தான். அவ்வாறே ஐம்புலனாகிய வேடருள் வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, இறைவன் குருவாய் வந்து உணர்த்துகின்றான். மனையில் வளர்ந்து தன்னை மறந்த மறியை மந்தைக்கு மீட்டலும் இவ்வகையினதோர் உணர்த்துதலேயாம். குருவும் மாணாக்கனைத் தம்மோடு கட்டிவைப்பாரல்லர், திருவடியிற் சேர்ப்பார். பரிசதீக்கைக்கு முட்டையை அடைகாக்கும் பறவையும், நயனதீக்கைக்கு நோக்கால் வளர்க்கும் மீனும், மானசதீக்கைக்கு நினைவால் வளர்க்கும் ஆமையும் உவமையாகச் சொல்லப்படுதல் அன்பர்கள் அறிந்ததே. ஆசாரியன் அருளைச் சொல்லப் புகுந்த ஆன்றோர், விலங்கினத்தும் பறவையினத்தும் உள்ள தாய்மையையே உவமையாகத் தேர்ந்தெடுத்தனர். தாய்மை பிணிப்பதொன்றேயாயின் அவ்வுவமை பொருந்துமாறில்லை.

6. வளர்ப்பார் பெறுவது

மறி மாத்திரம் சார்ந்ததன் வண்ணமாவதன்று, வளர்ப்பாருயிரும் அவ்வியல்பினதே. 'யான் இதனைக் காத்தேன். என்னாலன்றி இது வாழாது' என்று நினைந்து காத்தவழி, அவ்வறம் பசுபுண்ணியமாய்ப் போகத்தைக் கொடுத்துத் தேயும். 'இவ்வுயிரைப் படைத்தளித்தவன் இன்று என் கையை ஒரு கருவியாகக் கொண்டான்' என்று நின்று காத்தவழி, அதுவே சிவபுண்ணியமாய் ஞானத்திற்கு வழியாம். பால் ஒன்றே, புட்டி ஒன்றே, செயல் ஒன்றே; வேற்றுமை நினைவின்கண்ணது. பத்தாஞ் சூத்திரம் விதிக்கும் இறைபணி நிற்றல் என்பது திருக்கோயிலினுள்ளே மட்டும் செய்யத்தக்கதென எண்ணற்க. நள்ளிரவிற் கதறும் மறிக்காக எழுந்து பால் காய்ச்சுவானுக்கு, 'யான்' என்பது எழாதாயின், அதுவும் அந்நிற்றலேயாம்.

வினவிய அன்பர்க்கு எம் விடை இது. குட்டியை அஞ்சி விடற்க. யார் கைப்படுமென்று அறியாது பிறர்பால் விடுதல் துறவன்று, அடைக்கலமென வந்ததைக் கைவிடுதலாம். பூசைக்கு முன்னரே பாலூட்டுக. வயிறு நிறைந்த மறி உறங்கும், பூசையும் இடையூறின்றி நிகழும். அதன் குரல் பூசையிற் செவிப்படின், அதற்கும் உயிராய் நிற்பான் அவனே என நினைந்து மேற்செல்க; பூசையை விட்டு எழுதலை வழக்கமாக்கற்க, பரதனுக்கு நியமம் நழுவியது அங்ஙனமே. ஒருவரே ஊட்டாது மடத்துப் பிறரும் ஊட்டுக. உமது கையொன்றையே உலகமென்று அது கருதாதிருத்தல் அதற்கும் நன்று, உமக்கும் நன்று. தனித்து வையாது மற்றோர் ஆட்டோடு கூட்டுக. பால் மறந்தபின் மந்தைக்கு விடுக. விடுத்தபின் அது வாணாள் முழுதும் கொலைக்குத் தப்பி வாழுமாறு பார்த்துக்கொள்க. பாலளவிற் காத்துப் பின் விற்றல் காத்தலாகாது.

மடத்துப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உடையேம். திருமஞ்சனத்திற்குப் பால் கறக்கும் நாம், அப்பாலைத் தந்த ஆவின் ஆண்கன்று எங்கே சென்றது என்று வினவுதல் வேண்டும். கன்று குடித்து எஞ்சிய பாலன்றோ இறைவன் திருமுடிக்கு ஏற்றது? பசுக்கொட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு திருமடமும் தாயிழந்த கன்றுக்கும் மறிக்கும் ஒரு மூலை ஒதுக்கி, சீம்பாலும் வெம்மையும் ஊட்டும் முறை அறிந்த ஒருவரை அமைக்குமாயின், அது சாத்திரம் படித்த இடம் என்பதற்கு ஓர் அடையாளமாகும். படிப்பது பசு, பதி, பாசம். கொட்டிலிற் கதறுவதும் ஒரு பசுவேயன்றோ!

மறி என்னும் பெயரொற்றுமையை நினைவிற் கொள்க என்று முன்னர்க் கூறினாம். பரதன் கையில் இருந்ததும் மான்மறி; நம் பெருமான் இடக்கையில் இருப்பதும் மான்மறி. தாருகவனத்து முனிவர் வேள்வித்தீயினின்று கொல்லுதற்கென்று ஏவிய மான் அது. பெருமான் அதனைக் கொன்றிலர்; துரத்திலர்; கையில் ஏந்தினார். சினத்தால் வந்தது கையைச் சார்ந்து அமைந்தது. பரதனை மறி பிணித்தது, பெருமானைப் பிணித்திலது. என்னை? ஒருவன் தன்பொருட்டுப் பற்றினான். ஒருவன் அதன்பொருட்டு ஏந்தினான். பற்றுங் கை மூடியிருக்கும். ஏந்துங் கை திறந்திருக்கும். அடைக்கலமென வந்த உயிரைத் திறந்த கையால் ஏந்தக் கற்றல் அப்பெருமான் திருக்கோலத்தை நாடோறும் வழிபடும் நம் கடனாமென்க.

திருச்சிற்றம்பலம்